நாலு மீட்டர் கோடு

கேள்வி: மார்த்தாண்டம் மேம்பாலத்தில் எதிரே வரும் புதிய கார்களின் சின்னத்தை மறைத்துவிட்டால் எது எந்த கம்பெனி என்றே தெரிவதில்லை. வடிவமைப்பாளர்களின் கற்பனை வறண்டுவிட்டதா? அம்பாசிடரையும் பியட்டையும் தொலைவிலேயே அடையாளம் கண்டுவிடுவோமே!
— வாசகர், குழித்துறை

பதில்: சாலையில் ஓடியதே பெரும்பாலும் அந்த இரண்டுதான், அடையாளம் காண்பதில் என்ன சாமர்த்தியம்? அம்பாசிடரின் உருவமே இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டிடம் வாங்கியது. 1950களின் இறுதியில் வந்தது, அதிகம் மாறாமல் 2014 வரை ஓடியது. அதைக் கற்பனை வளம் என்பீர்களானால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்று வறண்டிருப்பது கற்பனை அல்ல, இடம். நாலு மீட்டருக்குள் அடங்கும், சிறிய இன்ஜின் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக 2006 பட்ஜெட்டில் குறைத்தார்கள். பின்னர் ஜி.எஸ்.டி. வந்தது, நாலு மீட்டர் கோடு மட்டும் அழியவில்லை. நாகர்கோவில் ஷோரூம்களுக்கு டேப்போடு போய்ப் பாருங்கள்: டிசையர், பிரெஸ்ஸா, வென்யூ, சோனெட் எல்லாமே 3,995 மில்லிமீட்டர். டிசையர் 2012இல் வாலை நறுக்கிக்கொண்டுதான் இந்தக் கோட்டுக்குள் நுழைந்தது. நீளத்தில் கிடைக்காத இடத்தை உயரத்தில்தான் தேட வேண்டும். ஆகவே எல்லாம் நெட்டையாக நிற்கின்றன.

மூக்கு மழுங்கியதற்குக் காரணம் வேறு. கார் மோதினால் நடந்து போகிறவரின் தலை பானெட்டில் படும். தகடு அமுங்கிக் கொடுக்க, அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். மிச்சத்தைக் காற்று தீர்மானிக்கிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. மைலேஜ் கணக்குப் பார்க்கிற எந்த கம்பெனியும் ஏறக்குறைய ஒரே வளைவுக்குத்தான் வந்து சேரும். முப்பந்தல் காற்றாலைகளுக்கு எல்லாம் ஏன் மூன்றே இறக்கை என்று நீங்கள் கோபித்ததுண்டா?

ஓரிடத்தில் உங்கள் கோபம் நியாயமானது. மாருதியின் பலேனோவையே 2019இல் டொயோட்டா சின்னம் மாற்றி கிளான்சா என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்குக் காற்றின் மேலும் பழி போட முடியாது, வரியின் மேலும் போட முடியாது. புதிதாக ஒரு காரை உருவாக்கும் செலவு மிச்சம், அவ்வளவுதான். ஒளித்தும் செய்யவில்லை, தெரிந்தே வாங்குகிறோம்.

நிறமாவது நம் கையில்தானே இருக்கிறது? மறுவிற்பனையில் விலை போக வேண்டுமே என்று வெள்ளையைக் கேட்டு வாங்குகிறவர்கள் நாம்தான். உங்கள் கார் என்ன நிறம் என்பதை அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.