சும்மா கிடக்கும் கண்மாயா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் நண்பன் என்னை ஒரு வேட்டைப் பண்ணைக்கு அழைத்துப் போனான். கூண்டில் வளர்த்த பறவைகளைப் புல்வெளியில் விடுகிறார்கள். நாய் மோப்பம் பிடித்துக் கிளப்ப, நாம் சுடலாம். மதுரையைச் சுற்றிச் சும்மா கிடக்கும் கண்மாய்களில் இப்படி ஒன்று வைத்தால் சுற்றுலா வளருமே?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: சட்டம் விடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமம் வாங்கி வேட்டையாட முதலில் இடம் இருந்தது. 1991 திருத்தத்தோடு அதுவும் போயிற்று. இன்று கண்ணி வைத்து ஒரு கவுதாரி பிடித்தாலும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

நண்பருடைய நாட்டை நான் குறை சொல்லவில்லை. அங்கே 1934 முதல் வாத்து வேட்டைக்காரர்கள் காசு கொடுத்து ஒரு அஞ்சல்தலை மாதிரியான வில்லை வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் அரசு சதுப்பு நிலங்களை வாங்கிக் காக்கிறது. சுடுகிறவன் நிலத்துக்குக் காசு கட்டுகிறான். நல்ல ஏற்பாடு.

ஆனால் "சும்மா கிடக்கும்" என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம். எந்தக் கண்மாய் ஐயா சும்மா கிடக்கிறது? தண்ணீர் நின்றால் பாசனம், மீன் குத்தகை, சுற்றுப்பட்டுக் கிணறுகளுக்கு ஊற்று. வற்றினால் ஆடுமாடு மேய்ச்சல், வயலுக்கு வண்டல். உள்வாயில் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டும். தல்லாகுளத்துக்கும் சொக்கிகுளத்துக்கும் போய்க் குளத்தைத் தேடிப் பாருங்கள், கட்டடம்தான் இருக்கும். மதுரையில் ஒரு கண்மாயை விழுங்க நினைக்கிறவர்கள் முதலில் சொல்வதே "சும்மாதானே கிடக்கு" என்பதுதான். இந்தப் பக்கத்தில் பல வருஷமாக இதைக் கத்திக்கொண்டிருக்கிறேன், இன்னும் கத்துவேன்.

சரி, சுற்றுலாவுக்கு வருவோம். மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகும் சாலையில் சுமார் 50 கிலோமீட்டரில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-இல் அறிவித்தது. மூன்று கண்மாய்கள், மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம். நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், சாம்பல் நாரை எல்லாம் அங்கே வருகின்றன. பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டியில், கூட்டில் இருக்கும் குஞ்சு மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. பக்கத்து ஊரில் சரம் வெடிக்கும்போது நம் வீட்டுப் பிள்ளையை மத்தாப்போடு நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துவருகிற ஊர் அது. அந்த ஜனங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அங்கே போய்த் துப்பாக்கிச் சத்தம் கேட்கட்டும் என்று நம்மால் சொல்ல முடியுமா?

அப்புறம் ஒரு விஷயம், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பரோட்டாக் கடையில் காடை தாராளமாகச் சாப்பிடுங்கள், அது பண்ணையில் வளர்ந்த ஜப்பானியக் காடை. "கவுதாரி இருக்கு சார்" என்று யாராவது காதோடு சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். அது காட்டில் கண்ணி வைத்துப் பிடித்தது. வனத்துறைக்கும் ஒரு போன் போடுங்கள்.

நண்பர் ஊருக்கு வந்தால் மார்கழி, தை பார்த்து வரச் சொல்லுங்கள். ஒரு பைனாகுலரோடு வேட்டங்குடிக்கு அழைத்துப் போங்கள். விடியற்காலையில் போய்விடுங்கள், வெயில் ஏறினால் பாதிப் பறவை இரை தேடக் கிளம்பிவிடும்.