மைக்ரோமவுஸ் விதியும் மதிப்பெண்ணும்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

கே: இரண்டாம் ஆண்டு மாணவர்கள், முதல் முறை கலந்துக்கிறோம். களம் எப்படி இருக்கும்?

ப: மைக்ரோமவுஸ்ங்கிறது, முன்பின் தெரியாத புதிர்ப்பாதையில் தானாவே வழி தேடிக் கண்டுபிடிச்சு, அப்புறம் இலக்குக்கு வேகமா ஓடுற சின்ன ரோபோ. களம் 16-க்கு 16 கட்டம், ஒவ்வொண்ணும் 18 செ.மீ. சுவர் 5 செ.மீ. உயரம், பக்கம் வெள்ளை, மேல்புறம் சிவப்பு, தரை கறுப்பு. மூலையில் தொடக்கம், நடுவில் நாலு கட்டம் இலக்கு. 9 செ.மீ. கட்டம்னு படிச்சிருந்தா அது ஜப்பானின் அரை அளவுப் பிரிவு. உங்களுக்கு வேண்டாம்.

கே: வேகமா ஓடினா ஜெயிச்சிடலாம்தானே?

ப: இல்லைங்க. ஐ-ட்ரிபிள்-ஈ (மின், மின்னணுப் பொறியாளர் சங்கம்) மாணவர் போட்டிகளில் வழக்கமான கணக்கு இது: ஓட்ட நேரத்தோட, அந்த ஓட்டம் தொடங்கும்வரை களத்தில் செலவான நேரத்தில் முப்பதில் ஒரு பங்கு சேரும். கடைசிவரை கையால் தொடலைன்னா 10 வினாடி கழியும்.

120-ஆவது வினாடியில் கிளம்பி 14 வினாடியில் இலக்கைத் தொட்டா 4 + 14 = 18. இன்னும் 3 நிமிஷம் தேடி, 300-ஆவது வினாடியில் கிளம்பி 11 வினாடியில் ஓடினா 10 + 11 = 21. ஓட்டம் 3 வினாடி குறைஞ்சும் மதிப்பெண் மோசமாச்சு. அரை நிமிஷம் கூடுதலாத் தேடினா ஓட்டத்தில் ஒரு வினாடியாவது மிச்சமாகணும். எப்போ தேடலை நிறுத்தணும்னு உங்க புரோகிராமே முடிவெடுக்கணும். பெரும்பாலான குழு மோட்டாருக்குத் தர்ற கவனத்தை இதுக்குத் தர்றதில்லை. உங்க போட்டியின் விதித்தாளை அச்செடுத்து வரிவரியாப் படிங்க. எண்கள் இடத்துக்கு இடம் மாறும்.

கே: இடது கை விதி (எப்பவும் இடது பக்கச் சுவரை ஒட்டியே போறது) போதுமா?

ப: போதாது. 1979 நியூயார்க் இறுதிப் போட்டியில் சுவரை ஒட்டியே போன எளிய எந்திரம் வென்றுச்சு. 1980-இல் லண்டனில் இலக்கை நடுவுக்கு மாத்திட்டாங்க. நடுவைச் சுத்தின சுவர்கள் வெளிச்சுவரோட ஒட்டாம இருந்தா, சுவரைப் பிடிச்சே போற எந்திரம் இலக்கைப் பார்க்காமலே சுத்தி வந்துடும். ஃப்ளட் ஃபில் எழுதுங்க: ஒவ்வொரு கட்டத்துக்கும் இலக்கு எத்தனை கட்டம் தள்ளி இருக்குன்னு ஒரு எண், புதுச் சுவர் தெரியும்போதெல்லாம் எண்களைத் திருத்தணும்.

கே: வலது கை விதி?

ப: அதே பதில்.

கே: லேபில் நல்லா ஓடுது, போட்டி அரங்கில் சுவரில் முட்டுது.

ப: அரங்கின் ஒளிதான் காரணம். மவுஸ் எல்இடியிலிருந்து அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, சுவரில் பட்டுத் திரும்புறதை சென்சாரால் அளக்குது. வெயிலிலும் ஹாலஜன் விளக்கிலும் அகச்சிவப்பு நிறைய. எல்இடி அணைஞ்சிருக்கும்போது ஒரு தடவை, எரியும்போது ஒரு தடவை படிச்சு, கழிச்சு எடுங்க. அங்கேயே திரும்பக் கேலிபரேட் பண்ணுங்க, அதாவது சென்சார் அளவை அந்த இடத்துக்கு ஏத்தபடி சரிபண்ணுங்க. டயர் தூசியையும் ஒட்டும் டேப்பில் ஒத்தி எடுங்க. தூசி படிஞ்ச டயர் திருப்பத்தில் வழுக்கும்.

கே: தொடாததுக்கு 10 வினாடி சலுகை அநியாயம் சார். எங்க ஓட்டம்தான் வேகம், ஒரு தடவை தூக்கி வெச்சதுக்குத் தோத்துட்டோம்.

ப: வருத்தம் புரியுது தம்பி. ஆனா தானா யோசிச்சு வழி கண்டுபிடிக்குதாங்கிறதுதான் இங்கே சோதனை. ஒரு மவுஸ் தூணில் சக்கரம் சிக்கினதும் பின்னாடி நகர்ந்து, முதுகைச் சுவரில் முட்டி நேராக்கிக்கிட்டு, அங்கிருந்து கணக்கைத் தொடர்ந்ததைப் பார்த்திருக்கேன். அந்தச் சில வரி நிரலுக்குத்தான் அந்த 10 வினாடி.

கே: (அவரே) ஜப்பான் போட்டியில் குறைஞ்ச ஓட்ட நேரம் மட்டும்தானே கணக்கு?

ப: ஆமா. அங்கே வர்றவங்க தேடலை எப்பவோ தாண்டினவங்க, மீதி இருக்கிறது வேகம். மாணவருக்குத் தேடல்தான் பாடம்.

கே: நானும் அவர் பக்கம்தான். 10 ரொம்ப அதிகம்.

ப: அதை ஒத்துக்கிறேன். 12 வினாடி ஓட்டத்தில் 10 கழிச்சா வேகத்துக்கு மதிப்பே இல்லாமப் போகுது. ஓட்ட நேரத்துக்கு ஏத்த விகிதமா வெச்சா நியாயம். போட்டிக்கு முன்னாடி நடத்துறவங்ககிட்ட எழுதிக் கேளுங்க. முடிவு வந்தப்புறம் மேசையில் சண்டை போடாதீங்க.

கே: களத்தைப் படம் எடுத்து வரைபடத்தை ஏத்தலாமா?

ப: கூடாது. களம் திறந்தப்புறம் எந்தத் தகவலும் உள்ளே போகக்கூடாது.

கே: இடது கை விதியோட கொஞ்சம் மாத்தினா?

ப: மேலே ரெண்டு தடவை சொல்லியாச்சு. படிச்சிட்டுக் கேளுங்க.

கே: எந்த மோட்டார் வாங்கலாம்?

ப: என்கோடரோட (எவ்வளவு சுத்துச்சுன்னு எண்ணுற கருவி) வர்றதா வாங்குங்க. மத்தது உங்க சீனியரைக் கேளுங்க.