வாங்க வந்தவர் இழுத்தடிக்கிறார், வேறு ஆளுக்கு விற்கலாமா?

கேள்வி: திண்டிவனம் பக்கம் எங்களுக்குள்ள 40 சென்ட் நிலத்தை 30 லட்சத்துக்குப் பேசி, 3 லட்சம் அட்வான்ஸ் வாங்கி, ஒப்பந்தத்தைப் பதிவும் செய்துவிட்டோம். ஆறு மாதத்தில் கிரையம் முடிப்பதாகப் பேச்சு. கெடு தாண்டி இரண்டு மாதம் ஆகிறது, கேட்டால் ‘லோன் வந்துவிடும், பொறுங்கள்’ என்கிறார். இப்போது வேறொருவர் முழுப் பணத்தோடு வருகிறார். பழையவருடைய அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இவருக்கு விற்றுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: விற்கலாம், ஆனால் நாளைக்கே அல்ல. கெடு முடிந்ததும் ஒப்பந்தம் தானாகக் காலாவதியாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிலம், வீடு விஷயத்தில் நீதிமன்றங்கள் கெடுவை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. நிலவிலை ஏறுகிற வேகத்தில் இந்தப் பழைய பார்வையை மாற்ற வேண்டும் என்று 2011ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனாலும் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து மூன்று வருடம் வரை அட்வான்ஸ் கொடுத்தவர் ‘எனக்கே கிரையம் செய்து கொடு’ என்று வழக்குப் போடலாம். பதிவான ஒப்பந்தம், சொத்தின் மேல் உள்ள பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் (இ.சி.) நிற்கும் என்பதால், புதிதாக வாங்குபவர் ‘எனக்குத் தெரியாது’ என்று தப்பவும் முடியாது.

அதனால் முதல் வேலை வக்கீல் நோட்டீஸ். பதினைந்து நாள், இருபது நாள் என்று ஒரு தேதி கொடுத்து, ‘மீதி 27 லட்சத்தோடு சார்பதிவாளர் அலுவலகம் வாருங்கள், நான் கிரையம் செய்து தரத் தயார், வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து’ என்று எழுதுங்கள். நோட்டீஸ் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்குத் தபால் ஆதாரம் கட்டாயம் வேண்டும். அந்த நாளில் மூலப்பத்திரம், பட்டாவோடு நீங்கள் நிஜமாகவே அங்கே போய் நின்று, வந்ததற்கு ஓர் ஆதாரமும் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நாளைக்கு அவர் வழக்குப் போட்டால், பணத்தோடு தொடர்ந்து தயாராக இருந்ததாக அவர்தான் நிரூபிக்க வேண்டும். லோனுக்காகக் காத்திருந்தவருக்கு அங்கேதான் இடிக்கும். வரவில்லையா, ரத்து செய்துவிட்டதாக இரண்டாவது நோட்டீஸ் அனுப்புங்கள்.

அட்வான்ஸ் விஷயம் கொஞ்சம் சிக்கல். ‘கிரையம் பெறத் தவறினால் முன்பணத்தை இழக்க வேண்டியது’ என்ற வரி உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா, முதலில் பாருங்கள். இருந்தாலும் எல்லாமே உங்களுக்கு என்று அர்த்தமில்லை. ஒப்பந்தச் சட்டம் 74வது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் தருகிறது. 1963ல் ஒரு வழக்கில் 25,000 ரூபாய் வாங்கி வைத்திருந்த விற்பவர், உறுதித்தொகையாகக் கொடுத்த 1,000 ரூபாயைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது, நஷ்டத்தை நிரூபிக்காததால் மீதி 24,000ஐத் திருப்பித் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். உங்களுடையது பத்து சதவீதம்தான், எழுத்து தெளிவாக இருந்தால் வாதாட இடம் உண்டு. நிலத்தைக் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தால் அந்த வித்தியாசத்தையும் இழப்பீடாகக் கேட்கலாம். வாங்குபவரையே கிரையம் செய்துகொள்ளச் சொல்லி நீங்களும் வழக்குப் போடலாம், ஆனால் பணமில்லாதவர் மேல் தீர்ப்பு வாங்கி என்ன செய்வது?

என்னைக் கேட்டால், ஒரு லட்சமோ ஒன்றரை லட்சமோ பிடித்துக்கொண்டு மீதியை டி.டி.யாகக் கொடுத்து, அன்றைக்கே ரத்துப் பத்திரத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கிப் பதிவு செய்துவிடுங்கள். நீங்கள் மட்டும் போய் ரத்து செய்யக் கேட்டால் சார்பதிவாளர் பொதுவாக ஏற்க மாட்டார். அட்வான்ஸ் கொடுத்தவர் சம்மதிக்கவே இல்லையென்றால் உரிமையியல் நீதிமன்றம்தான். வருடங்கள் ஓடும், கையில் பணத்தோடு வந்தவர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

கேள்வி: எங்கள் ஒப்பந்தம் 20 ரூபாய் பத்திரத்தில் எழுதியதோடு சரி, பதியவில்லை. இ.சி.யில் வராதே, கண்டுகொள்ளாமல் விற்கலாமா?
- வாசகி, தேனி

பதில்: வேண்டாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும் என்பது சட்டம்தான். ஆனாலும் பதியாத ஒப்பந்தத்தைக் கிரையம் கேட்கும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்களும் நோட்டீஸ் அனுப்பிவிட்டே விற்பனைக்குப் போங்கள். புதிதாக வாங்குபவரிடம் பழைய ஒப்பந்தத்தை மறைக்க வேண்டாம்.