யுகே சாம்பியன்ஷிப் பெல்ட்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: அண்ணா, டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த நிறுவனத்தின் யுகே (பிரிட்டன்) சாம்பியன் பெல்ட்டை முதலில் ஜெயித்தது யார்?

பதில்: டைலர் பேட். 2017 ஜனவரியில், பிளாக்பூல் எம்ப்ரஸ் பால்ரூமில் 16 பேர் மோதிய தொடர் அது. இரண்டே நாளில் முடிந்தது. இறுதியில் பீட் டன்னை வீழ்த்தியபோது பேட்டுக்கு வயது 19. முடித்து வைத்த பிடியின் பெயர் 'டைலர் டிரைவர் 97'. அந்த 97 அவர் பிறந்த வருடம்!

கேள்வி: மொத்தம் எத்தனை சாம்பியன்கள்?

பதில்: நாலே பேர். பேட், டன், வால்டர், இல்யா டிராகுனோவ். ஐந்தரை வருடத்துக்கு மேல் இருந்த பட்டம், நாலு பேர் கையில்தான் இருந்தது. அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு.

கேள்வி: பெல்ட்டை வாயில் கவ்விக்கொண்டு வருவாரே, அவர் எத்தனை நாள் வைத்திருந்தார்?

பதில்: பீட் டன், 685 நாள். எதிராளியின் விரல்களைப் பிரித்துப் பிடித்து வளைப்பார், பார்க்கிற நமக்கே கை கூசும். 2019 ஏப்ரலில் வால்டரிடம் இழந்தார்.

கேள்வி: வால்டர்தானே இப்போது குந்தர் என்ற பெயரில் மோதுகிறவர்?

பதில்: அவரேதான். 870 நாள் சாம்பியன்.

கேள்வி: ஒரே ஒரு மேட்ச் பார்க்கலாம் என்றால் எது?

பதில்: 2020 அக்டோபரில் வால்டரும் டிராகுனோவும் மோதியது. கொரோனா காலம், ரசிகர்களே இல்லை. வால்டர் உள்ளங்கையால் மார்பில் ஓங்கி அறையும் ஒவ்வொரு 'சாப்'பும் வெற்று அரங்கில் பட்டாசு மாதிரி கேட்கும். டிராகுனோவின் மார்பு சிவந்து கன்றிப்போகும், ஆனாலும் எழுந்து வருவார். அன்று தோற்றார். அப்புறம் 2021 ஆகஸ்டில் அதே வால்டரின் கழுத்தைப் பின்னாலிருந்து இறுக்கினார். தோல்வியை ஒப்புக்கொண்டு வால்டர் கையால் தட்டினார், பெல்ட் கை மாறியது! அந்த முதல் மேட்சைப் பார்க்காமல் இதைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் அப்பா சொல்லும் பழைய பிரிட்டிஷ் ரெஸ்லிங்குக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: பட்டம் வேறு. ஐடிவி என்ற பிரிட்டிஷ் டிவி சேனலில் 1955 முதல் 1988 வரை ஓடியது அப்பா சொல்வது. சுற்று சுற்றாக நடக்கும், மூன்றில் இரண்டு முறை வீழ்த்த வேண்டும். ஆனால் அந்தக் கால நட்சத்திரம் ஜானி செயின்டை, 2018-ல் டபிள்யூடபிள்யூஇ-யின் இந்த பிரிட்டிஷ் பிரிவுக்கே பொது மேலாளராக்கினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது.

கேள்வி: பெல்ட் இப்போது யாரிடம்?

பதில்: பட்டமே இல்லை. 2022-ல் டிராகுனோவ் கணுக்கால் காயத்தால் விட்டுக்கொடுக்க, பேட் மறுபடியும் வென்றார். செப்டம்பர் 4-ல் டபிள்யூடபிள்யூஇ-யின் இன்னொரு பிரிவான என்எக்ஸ்டியின் சாம்பியன் பிரான் பிரேக்கரிடம் தோற்றார், என்எக்ஸ்டி பட்டத்தோடு இதையும் சேர்த்துவிட்டார்கள்.