ஆழ்ந்து மூச்சு விட்டால் தலை கிறுகிறுக்கிறதே, தொடரலாமா?

கேள்வி: வயது 46. மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) பருப்புத் தொலி உரிக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி தூக்கமும் இல்லை. இசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தாச்சு, கோளாறு இல்லை என்றார்கள். தினமும் ஆழமாக மூச்சு விடச் சொன்னார்கள். செய்தால் தலை கிறுகிறுக்கிறது, விரல்நுனி மரத்துப்போகிறது. விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், செய்கிற விதத்தை மாற்றுங்கள். ஆழமாக என்றதும் பலரும் பலங்கொண்ட மட்டும் இழுத்து வேகமாக விடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதில் ரத்தத்தில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியே போய்விடும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும். கிறுகிறுப்பு அதனால்தான். நிறுத்தினால் சரியாகிவிடும்.

மூச்சுப் பயிற்சியால் ரத்தத்தில் ஆக்சிஜன் நிறையக் கூடும் என்பார்கள். நுரையீரல் நன்றாக உள்ளவருக்கு அது ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல்தான் இருக்கும். பலன் வேறு இடத்தில் இருக்கிறது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை விட்டுப் பாருங்கள், துடிப்பு தணிவது பலருக்குக் கையிலேயே தெரியும். வேகஸ் என்ற நரம்பு செய்கிற வேலை அது. அதனால் இழுப்பதைவிட விடுவதுதான் முக்கியம்.

நாள் முழுக்கக் குனிந்து உட்காரும் வேலை உங்களுக்கு. வயிறு மடங்கியே இருப்பதால் மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து உட்காருங்கள், அல்லது பாயில் மல்லாந்து படுங்கள். வயிற்றில் கை வைத்து, கை உயரும்படி மூக்கால் 4 எண்ணும்வரை இழுங்கள். 6 எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். முதல் வாரம் 3 நிமிடம், அப்புறம் 10. அண்டி வறுக்கும் புகை வரும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

சில வாரங்கள் விடாமல் செய்தால் பலருக்கும் படபடப்பு தணியும், தூக்கம் வரும். பிரஷர் உள்ளவர்களுக்கு அதுவும் கொஞ்சம் இறங்கலாம். அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இன்னொன்று. இந்த வயதில் மாதவிலக்கு நிற்கப்போகும்போதும் படபடப்பு, திடீர் வேர்வை, தூக்கமின்மை வரும். மாதவிலக்கு தள்ளிப்போகிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். சாயங்காலச் சாயாவையும் குறையுங்கள். நெஞ்சை அழுத்தும் வலியோ, ஏற்றம் ஏறினால் மூச்சுமுட்டலோ வந்தால் மூச்சுப் பயிற்சி செய்து பார்க்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இசிஜி ஒருமுறை சரியாக இருந்தது என்று இருந்துவிடாதீர்கள்.