தட்டில் சோறு எவ்வளவு, பருப்பு எவ்வளவு? வேலூர் வட்டார வாசகர்களின் கேள்விகளுக்கு உணவியல் நிபுணரின் பதில்

கேள்வி (குடியாத்தம், இல்லத்தரசி): ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைப்பதால் காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை என்றே எங்கள் வீட்டில் நடக்கிறது. சத்தான உணவுக்கு மாறினால் செலவு கூடாதா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அம்மா. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்துச் சமைக்காத எடையில் 250 கிராம் போதும். அதனுடன் பருப்பு வகைகள் 85 கிராம், கீரையும் காய்களும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் அரிசி இந்த அளவைத் தாண்டிவிடுகிறது. பருப்போ சாம்பாரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ஆகவே அரிசியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பையும் காயையும் நிரப்புவதுதான் முதல் வேலை. அதற்கு விலை உயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. நம் மானாவாரி நிலங்களில் விளையும் மல்லாட்டையின், அதாவது நிலக்கடலையின், எடையில் ஏறத்தாழ கால் பங்கு புரதம்தான். ஒரு கைப்பிடி அவித்துத் தின்னலாம், இட்லிக்குச் சட்னியாகவும் அரைக்கலாம். கொள்ளு, காராமணி, மொச்சை ஆகியவற்றை வாரத்தில் சில நாட்கள் சுண்டலாகவோ குழம்பாகவோ செய்தால், தானியத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பயறு ஈடு செய்துவிடும். ரேஷன் பாமாயிலில் பாதியளவு நிறைவுற்ற கொழுப்பு இருப்பதால், அதை மட்டுமே நம்பாமல் கடலை எண்ணெயையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (அணைக்கட்டு, விவசாயி): எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கேழ்வரகுக் களி என்றால் வயிறார எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்கிறார்களே?

பதில்: அப்படி நம்பிவிடாதீர்கள், ஐயா. கேழ்வரகிலும் நூறு கிராமுக்குச் சுமார் 70 கிராம் மாவுச்சத்து உண்டு. நன்றாக அரைத்த மாவில் கிண்டிய களியும், நீர்த்த கூழும் இரத்தச் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும். அதன் உண்மையான பெருமை சுண்ணாம்புச் சத்து: நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது, தீட்டிய அரிசியிலோ பத்து மில்லிகிராம்கூட இல்லை. குறைந்த நீரில் விளைவதால் பாலாறு வறண்டு கிடக்கும் நம் பகுதிக்கும் அது ஏற்ற பயிர். நீங்கள் தொடர்ந்து பயிரிட வேண்டும் என்பதே என் விருப்பம். களி உருண்டையைச் சிறிதாக்கி, கீரைக் கடைசலையோ நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பையோ தாராளமாகச் சேர்த்து உண்ணுங்கள். அளவை மாற்றும்போது, மருந்தின் அளவு குறித்து மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி (காட்பாடி, விடுதி மாணவி): இரத்தசோகை இருப்பதாகச் சொன்னார்கள். தினமும் கீரை சாப்பிட்டும் ஏறவில்லை.

பதில்: சிற்றுண்டியோடு டீ குடிக்கும் வழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், மகளே. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தை டீயில் உள்ள டானின் உடலில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீயைத் தள்ளி வையுங்கள். அதற்கு மாறாக, எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் உள்ள வைட்டமின் சி அந்தச் சத்தை எடுத்துக்கொள்ள உதவும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் உணவை மட்டும் நம்பியிராமல், மருத்துவர் தரும் இரும்புச் சத்து மாத்திரையையும் முறையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (ஆம்பூர்): ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். வாரம் ஒருமுறை அளவோடு உண்டு, தயிர்ப் பச்சடியைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு, அன்றிரவு சோற்றைத் தவிர்த்தால் போதும்.

கேள்வி (ஆற்காடு): இரத்த அழுத்தம் இருக்கிறது, சமையலில் உப்பைக் குறைத்தும் பயனில்லை.

பதில்: நாளொன்றுக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். சமையலில் குறைத்த உப்பு ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் மிக்சர் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. கருவாட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் சமையுங்கள். ஊறுகாய்க்குப் பதிலாக எலுமிச்சைத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.