தகரக் கூரையும் ஒன்லைன் வகுப்பும்

கேள்வி: சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே ஒன்லைனில் கணிதம் படிப்பிக்கிறேன். தகரக் கூரை வீடு, மழை வந்தால் நான் பேசுவது கேட்கவில்லை என்கிறார்கள். நல்ல கெமரா வாங்கினால் சரியாகுமா?
- ஓர் ஆசிரியை, ஹட்டன்

பதில்: கெமராவுக்குக் காசு போடாதீர்கள் டீச்சர், உங்கள் போனே தாராளமாகப் போதும். முதலில் வாங்க வேண்டியது சட்டையில் குத்தும் சின்ன மைக். வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் உங்கள் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், மழைச் சத்தம் மட்டும் இருந்த அளவிலேயே இருக்கும், அதனால்தான் கிட்ட வைக்கச் சொல்கிறேன். சுவரில் கம்பளி தொங்கவிட்டால் எதிரொலி குறையும், ஆனால் கூரைச் சத்தத்தை அது நிறுத்தாது. அடைமழைக்கு எந்த மைக்கும் ஈடுகொடுக்காது. ஒக்டோபர், நவம்பரில் பெரும்பாலும் பின்னேரம்தானே இடி மழை, அதனால் பாடத்தைக் காலையிலேயே பதிவு செய்து அனுப்பிவிடுங்கள், டேட்டா குறைந்த பிள்ளைகளுக்கும் அதுதான் வசதி.

ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், முதுகைக் காட்டாதீர்கள். பல்ப் வெளிச்சத்தில் படத்தில் கோடு கோடாக ஓடினால், நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் போன் கெமராவின் ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரம்) 1/50 அல்லது 1/100 செக்கனில் வையுங்கள்.

அப்புறம், கணிதத்துக்கு உங்கள் முகத்தைவிடக் கைதான் முக்கியம். போனை மேசைக்கு மேலே கவிழ்த்துக் கட்டி, கொப்பியில் தடித்த பேனையால் எழுதிக் காட்டுங்கள், அடித்துத் திருத்துவதைக்கூடப் பிள்ளைகள் பார்க்கட்டும்.